கூடமும் கோணலும்

(பெங்களூரு அல்சூரில் எங்கள் மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை. அச்சுக்கு வேண்டிய அளவு திருத்தியிருக்கிறேன். கைதட்டல்களை நீக்கிவிட்டேன், அதிகம் நீக்க வேண்டியிருக்கவில்லை.)

விழாத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் வேலையைக் கடினமாக்கிவிட்ட முன்னாள் மாமன்ற உறுப்பினர் அவர்களே, எச்.ஏ.எல். தொழிற்சாலையில் விமானத்துக்கு இறக்கை பூட்டிவிட்டு மாலையில் மர்ஃபி டவுன் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்குச் சொல்லித்தந்த ஐயா அவர்களே, அழைத்தவுடன் மறுக்காமல் வந்திருக்கும் கன்னடப் பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த பெருமகனார் அவர்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் தாய்மார்களே, முன்வரிசையில் உட்கார்ந்து கைப்பேசியை மடிக்குள் மறைத்து வைத்திருக்கும் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம். எல்லரிகூ நமஸ்கார.

அல்சூர் ஏரிக்கரையில் 18 ஆண்டுகள் திரைக்குள் காத்து நின்ற திருவள்ளுவர் சிலை, 2009 ஆகஸ்ட் 9 அன்று வெளிச்சம் பார்த்தார். நான்கே நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வஞ்ஞரின் சிலை திறக்கப்பட்டது. அந்தப் பொறுமையில் நூறில் ஒரு பங்கை நீங்கள் எனக்குத் தந்தால் போதும். மூன்று செய்திகள் சொல்ல நினைக்கிறேன். முதலாவது வீடியோ கேம், இரண்டாவது சினிமா, மூன்றாவது நம் வீட்டுக் கல்யாணச் செலவு.

வீடியோ கேம் என்றாலே நம் பெற்றோர் முகம் சுருங்கிவிடுகிறது. பையன் கணக்கில் தோற்றால் அதனால்தான். எதிர்த்துப் பேசினால் அதனால்தான். கண்ணாடி போட்டாலும், சாம்பாரில் கத்தரிக்காயை ஒதுக்கினாலும் அதனால்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தப் பழமொழியை நான் எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறேன் என்று செயலாளர் என்னைக் கேலி செய்வார். செய்யட்டும், இன்றைக்கும் சொல்வேன்.

2019இல் குஜராத்தின் ராஜ்கோட்டில் காவல்துறை பப்ஜி ஆட்டத்துக்குத் தடை போட்டு, ஆடிக்கொண்டிருந்த மாணவர்களைக் கைது செய்தது. கொள்ளையடித்தவனை அல்ல ஐயா, கைப்பேசியில் ஆடிக்கொண்டிருந்தவனை! 2020 செப்டம்பரில் மத்திய அரசே தடை செய்த 118 செயலிகளில் அதுவும் ஒன்று. மறு ஆண்டே அது வேறு பெயரில் திரும்பி வந்தது. 2022இல் மீண்டும் போயிற்று, 2023இல் மீண்டும் வந்தது. இத்தனை போக்குவரத்தில் உங்கள் வீட்டில் யாராவது கூடுதலாக ஒரு மதிப்பெண் வாங்கினார்களா?

வன்முறை என்பார்கள். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம், வன்முறை மிகுந்த ஆட்டங்களைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2011இல் சட்டம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. குழந்தைகளுக்குச் சொல்லும் தேவதைக் கதைகளிலேயே கொடூரத்துக்குக் குறைவில்லையே என்று நீதிபதி எடுத்துக்காட்டினார். நம் பாட்டிமார் மட்டும் என்ன? நரசிம்மர் கதையில் இரணியன் குடலை உருவி மாலையாகப் போட்டுக்கொள்ளும் இடத்தை விட்டுவிட்டா சொன்னார்கள்? அந்த இடம் வந்ததும் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தியல்லவா சொன்னார்கள்!

பழைய ஆட்கள் சிலருக்கு நினைவிருக்கும். 90களில் சிவாஜிநகர் பக்கம் ஒரு சந்தில் டிவி கேம் கடை இருந்தது. கடை என்றால் கடை இல்லை. மாடிப்படிக்குக் கீழே இரண்டு தொலைக்காட்சிப் பெட்டிகள், நான்கு முக்காலிகள், ஒரு மின்விசிறி. அந்த விசிறி உரிமையாளர் பக்கம் மட்டும்தான் திரும்பும். கேசட்டின் மேல் 9999 ஆட்டங்கள் என்று போட்டிருக்கும். உள்ளே விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள்தான் பெயரை மாற்றி மாற்றி வரும். படம் வராவிட்டால் கேசட்டைப் பிடுங்கி, அடிப்பக்கத்தை வாயால் ஊதி, மறுபடி சொருகுவோம். ஊதுவதில் எங்களுக்குள் நிபுணர்கள் இருந்தார்கள். சண்டை தமிழில் தொடங்கும், தக்கனி உருதுவில் முற்றும், கன்னடத்தில் சமாதானமாகும்.

ஒரு நாள் பூக்கார அம்மா ஒருவர் உள்ளே வந்தார். பெயர் வேண்டாம். கையில் கூடை, இடுப்பில் நார்ச் சுருள், கண்ணில் நெருப்பு. மகன் முதல் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறான். சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிவிட்டார். கடைக்காரர் சாதுவான மனிதர், அதோடு வியாபாரி. "அம்மா, பையன் ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்திருக்கிறான். இன்னும் அரை மணி நேரம் பாக்கி இருக்கிறது" என்றார். "காசைத் திருப்பிக் கொடு" என்றார் அம்மா. "கடையில் அந்த வழக்கம் இல்லை அம்மா." "அப்படியானால் மிச்ச நேரம் யாருக்கு?" "யாருக்கும் இல்லை. வீண்தான்."

வீண் என்ற சொல்லை அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. விற்காத மல்லிகையைக்கூட மறுநாள் காலை சாமிக்கு என்று பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறவர் அவர். கூடையைக் கீழே வைத்தார். மகனைச் சுவரோரம் நிறுத்தினார். முக்காலியில் உட்கார்ந்து, "எதை அமுக்க வேண்டும், சொல்லித் தொலை" என்றார்.

மரியோ ஓடுகிறான். முதல் காளானில் முட்டிச் சாகிறான். இரண்டாம் முறையும் அதே காளான். மூன்றாம் முறை தாண்டிவிட்டார், குழியில் விழுந்தார். கடையே அவர் பின்னால் கூடிவிட்டது. அம்மா குதிக்கும்போது மரியோவோடு தானும் முக்காலியிலிருந்து அரையடி எழும்புகிறார். பச்சைக் குழாய்மேல் ஏறி நின்று, "இங்கே கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார். மறுபடி குழி. "இந்தப் பொத்தான் சரியில்லை" என்றார். பின்னாலிருந்து ஒரு குரல், அது அவர் மகனின் குரல்தான், "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்றது.

அரங்கம் இப்போது சிரித்த மாதிரிதான் அன்றைக்குக் கடையும் சிரித்தது. அம்மா திரும்பிப் பார்த்தார். அடி விழும் என்று எல்லோரும் ஒதுங்கினோம். அவரோ பக்கத்து முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டு, "பெரிய ஆட்டக்காரன். வா, உட்கார், காட்டு" என்றார். மிச்ச நேரம் முழுவதும் தாயும் மகனும் ஆடினார்கள். நடுவில் மின்சாரம் போயிற்று. அந்த நேரத்தைக் கழிக்கக் கூடாது என்று கடைக்காரரிடம் இருவரும் சேர்ந்து சண்டை போட்டார்கள். அன்று மாலை பூ விற்க அந்த அம்மா தாமதமாகத்தான் போயிருப்பார்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தக் கடைக்குக் கதவு இல்லை. தெருவில் போகிற யாரும் எட்டிப் பார்க்கலாம், காலரைப் பிடிக்கலாம், பக்கத்தில் உட்காரவும் செய்யலாம். இன்றைக்குப் பிள்ளை போர்வைக்குள் ஆடுகிறான். யாரோடு ஆடுகிறான், எதைப் பந்தயம் வைத்து ஆடுகிறான் என்று நமக்குத் தெரிவதில்லை.

பந்தயம் என்றதும் மாரிக்குப்பம் ரயில் நினைவுக்கு வருகிறது. நான் கோலார் தங்கவயல் குடும்பத்துப் பிள்ளை. 2001இல் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு, எங்கள் ஆட்கள் விடிவதற்கு முன் ரயிலேறி இந்த ஊருக்கு வேலைக்கு வந்தார்கள், இன்றும் வருகிறார்கள். எதிரெதிரே நான்கு பேர் உட்கார்ந்து, முழங்கால்களின் மேல் ஒரு துண்டை இழுத்து விரித்தால் சீட்டாட்டத்துக்கு மேசை தயார். தோற்றவர் கன்டோன்மென்டில் இறங்கி டீ வாங்கித் தர வேண்டும். மனிதர் தொடர்ந்து தோற்றால், "போதும் அண்ணே, துண்டை மடியுங்கள்" என்று மற்ற மூன்று பேரே சொல்லிவிடுவார்கள். பின்னாளில் அதே பெட்டியில் அதே ரம்மியை அவரவர் கைப்பேசியில் ஆடினார்கள். எதிரில் இருப்பவர் சம்பளம் முழுவதும் தோற்றதுகூடப் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. "போதும் அண்ணே" என்று எந்தச் செயலி சொல்லும்? சலுகைப் பணம் தருகிறேன், இன்னும் ஒரு ஆட்டம் ஆடு என்றல்லவா சொல்லும்!

"வேண்டற்க வென்றிடினும் சூதினை வென்றதூஉம் தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று." முதலில் ஜெயிக்கவிடுவது தூண்டில் என்று ஏரிக்கரைப் பெரியவர் அன்றே எழுதிவிட்டார். கர்நாடக அரசு 2021இல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. திறமையா, அதிர்ஷ்டமா என்று வழக்கறிஞர்கள் வாதாடிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் தெருத் தம்பி ஒருவன் வேலைக்குப் போக வைத்திருந்த பைக்கை விற்றான். 2025 ஆகஸ்டில்தான் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அதே சட்டம் பணப்பந்தயம் இல்லாத மின்விளையாட்டுப் போட்டிகளை ஊக்குவிக்கவும் சொல்கிறது. 2023இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவற்றுக்குப் பதக்கமே கொடுத்தார்கள். ஆட்டம் வேறு, சூது வேறு என்று சட்டத்துக்கே புரிந்துவிட்டது. நமக்குப் புரிய வேண்டாமா?

ஆட்டத்துக்கு அடிமையாகிறவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. உலக சுகாதார அமைப்பு அதை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தது. நம் ஊர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014இலேயே இதற்கென்று தனிப் பிரிவு தொடங்கிவிட்டார்கள். பிள்ளை சாப்பாடு, தூக்கம், பள்ளி எல்லாவற்றையும் விட்டுவிட்டான் என்றால் அங்கே அழைத்துப் போங்கள். அதற்கு வெட்கம் வேண்டாம்.

நல்லதையும் சொல்ல வேண்டும். வெண்பா என்று ஒரு வீடியோ கேம், 2023இல் கனடாவிலிருந்து வந்தது. தமிழ்த் தாய் ஒருத்தி டொரோன்டோவில் குடியேறி, கிழிந்துபோன குறிப்பேட்டை வைத்துக்கொண்டு சமைக்கிறாள். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று ஆடுகிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த ஆண்டு பிரிட்டனில் பாஃப்டா விருது வாங்கியது. இட்லி அவிக்கத் தெரியாத என் மருமகன் அந்த ஆட்டத்தை முடித்துவிட்டு, அன்றிரவு சமையலறைக்குள் போனான். இட்லி கல்லாகத்தான் வந்தது. அவனும் அரிசி சரியில்லை என்றான். கூடம் கோணல்!

இரண்டாவது செய்தி சினிமா. தங்கவயல் என்று சொன்னால் இப்போது எல்லோரும் 2018இல் வந்த கே.ஜி.எஃப். படத்தைத்தான் கேட்கிறார்கள். அதில் நாயகன் ஒருவனே சம்மட்டியைத் தூக்கி எல்லோரையும் விடுவிக்கிறான். என் தாத்தா மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழமான சேம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை உடைத்தார். அவரை விடுவித்தது நுரையீரலில் படிந்த கல்தூசி. விரிவாகப் பேச ஆசைதான், நேரம் இல்லை.

மூன்றாவது கல்யாணச் செலவு. மண்டப உரிமையாளர் மேடையிலேயே இருப்பதால் அதை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கிறேன்.

இப்போது நான் வந்த காரியத்துக்கு வருகிறேன். பிள்ளை கைப்பேசியை விட வேண்டும் என்கிறீர்கள். விட்டுவிட்டு எங்கே போவான்? இந்த மண்டபத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு பள்ளி மைதானம் இருக்கிறது. பள்ளி விட்டதும் வாயிலில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு. வாயிலின் கீழ்க்கம்பி நடுவில் வளைந்திருக்கிறது. பிள்ளைகள் நுழைந்து நுழைந்து வளைந்த கம்பி. அதையும் இப்போது முள்கம்பி சுற்றி அடைத்துவிட்டார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் புல்தரையில் 'பந்து விளையாடக் கூடாது' என்று பலகை. பூங்காவில் நடக்கலாம், ஓடக் கூடாது. தெருவில் கார் நிற்கிறது.

இந்த அல்சூரில்தான் கௌதமபுரம் இருக்கிறது. கால்பந்து வீரர் பீலேவுக்குச் சிலை வைத்த தெரு ஐயா அது! 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலோர் வெறுங்காலோடு பிரான்சை எதிர்த்து ஆடிய இந்திய அணியின் ஒரே கோலை அடித்தவர் இந்த ஊர்க்காரர் சாரங்கபாணி ராமன். அவர் இன்றைக்குப் பிறந்திருந்தால் எந்த வாயிலுக்கு வெளியே நின்றிருப்பார்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றால் சிரிக்கலாம். கூடத்தையே பூட்டி வைத்துவிட்டு, இவளுக்கு ஆடத் தெரியவில்லை என்று ஊர் சொன்னால் அதை என்னவென்று சொல்வது?

தலைமையாசிரியர் ஐயா, உங்கள் பள்ளியைச் சொல்லவில்லை. உங்கள் வாயில் திறந்தே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். மாமன்றத்தில் இருந்த ஐயாவுக்கு அதிகாரிகள் யார் யார் என்று தெரியும். எங்களோடு ஒருமுறை வந்து நின்றால் போதும்.

செயலாளர் இரண்டாவது சீட்டு அனுப்பியிருக்கிறார். முடித்துவிடுகிறேன். வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை இருக்கிறது. கன்னடத்திலும் தமிழிலும் எழுதிய மனு அதன் மேல் இருக்கிறது. மாலை ஐந்து முதல் ஏழரை வரை மைதானத்தைத் திறந்துவிட வேண்டும், பெண் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் தனியாக ஒதுக்க வேண்டும், சாவிக்கும் துப்புரவுக்கும் நம் மன்றம் பொறுப்பேற்கும். இவ்வளவுதான் கோரிக்கை. கையெழுத்தோடு வீட்டு எண்ணையும் தெருப் பெயரையும் எழுதுங்கள். போன முறை வெறும் கையெழுத்து என்று திருப்பிவிட்டார்கள். முன்வரிசைத் தம்பிகளே, உங்கள் கையெழுத்துச் செல்லாது. உங்கள் அப்பாவை அழைத்து வாருங்கள். பேனா கட்டியிருக்கும் நூலை மட்டும் யாரும் அறுத்துவிட வேண்டாம். நன்றி, வணக்கம்.