பிசினஸ் மேத்ஸை எங்கிருந்துங்க ஆரம்பிக்கறது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அடுத்த கேள்வி ஈரோட்டுல இருந்து ஒரு மேடம் அனுப்பிச்சிருக்காங்க, பி.காம் மொத வருசத்துக்கு பிசினஸ் மேத்ஸ் எடுக்கறாங்களாம், பசங்க மேட்ரிக்ஸ் இன்வெர்ஸ் எல்லாம் மனப்பாடம் பண்ணி பாஸ் ஆயிடறாங்க சார், வட்டிக்கணக்கு ஒன்னு கேட்டா முழிக்கறாங்க, பாடத்தை எப்படி மாத்தறதுன்னு கேக்கறாங்க.

மேடம், நான் சொல்றது ஒன்னே ஒன்னுதானுங்க, வரிசையைத் திருப்பிப் போடுங்க. ஃபார்முலாவைப் போர்டு முழுக்க எழுதிப்போட்டு கடைசி பத்து நிமிசத்துல "ஒரு வியாபாரி"ன்னு ஆரம்பிக்கறோம் பாருங்க, அதை உட்டுப்போட்டு கணக்கை மொதல்ல மேசை மேல வையுங்க.

எங்கிட்ட படிச்ச பையன் ஒருத்தன், அவங்கப்பா தறி ஓட்டறவரு, வண்டி எடுத்த லோன் அட்டையைக் கொண்டாந்தான். ஒரு லட்சம், 12 பர்சென்ட் ஃப்ளாட், ரெண்டு வருசம், மாசம் 5,167 ரூவா. பேங்க்லயும் 12 தான் சார் சொன்னாங்க, ரெண்டும் ஒன்னுதானுங்களேங்கறான். செரி, பாக்கி கொறையக் கொறைய வட்டி போட்டா மாசம் எவ்வளவு வருதுன்னு எக்செல்ல போடுறான்னேன், 4,707 வந்துச்சு. மாசத்துக்கு 460 ரூவா வித்தியாசம்! தப்பா அடிச்சுட்டோம்னு மறுக்கா ஒருதரம் அடிச்சுப் பாத்தான். அப்பறம் எக்செல்லயே வட்டி வீதம் கண்டுபிடிக்கற ரேட் ஃபங்சன்ல போட்டா அந்த 12ங்கறது நெசத்துல இருவத்தொன்னரைக்கு மேல நிக்குது, ஏன்னா அசலை மாசா மாசம் கட்டிட்டே வர்றோம், வட்டியை மட்டும் கடைசி மாசம் வரைக்கும் முழு லட்சத்துக்கே போடறாங்க. இந்த மாசத் தவணை ஃபார்முலாவே ஜியோமெட்ரிக் சீரிஸ்ல இருந்துதான் வருது, அன்னிக்கு அதை நடத்தறப்ப ஒருத்தனும் போனைத் தொடலீங்க.

அப்பறம் திருப்பூர் கணக்கு. பனியன் அடக்கம் 100, விக்கறது 125, லாபம் எத்தன பர்சென்ட்? பாதி பேரு 25ம்பாங்க, பாதி பேரு 20ம்பாங்க, ரெண்டுமே செரிதான், ஒன்னு அடக்கத்து மேல, இன்னொன்னு விக்கற வெலை மேல. சரக்கு வாங்கற பையர் 20 பர்சென்ட் டிஸ்கவுன்ட் கேட்டா, நம்மகிட்டதான் 25 இருக்குதே, 5 நிக்கும்னு தலையாட்டுனா முடிஞ்சுதுங்க, வெலை சுத்தமா 100ல வந்து நின்னுக்கும்.

கால்குலஸைத் தூக்கிப்போடச் சொல்லலீங்க, இன்னும் ஒரு பீஸ் தெச்சா செலவு எவ்வளவு கூடும்ங்கறதுல ஆரம்பிச்சா டெரிவேட்டிவ் (வகைக்கெழு) தானா வரும். அமெரிக்கால MAAங்கற கணிதச் சங்கம் பிசினஸ் வாத்தியாருங்களையே கூப்புட்டுக் கேட்டு 2004ல அறிக்கை போட்டாங்க, அந்த வாத்தியாருங்களும் எக்செல் மாதிரி ஸ்ப்ரெட்ஷீட், நெசமான பிரச்சினை, இதைத்தான் கேட்டாங்க.

ஆனா மேடம், பரிச்சை பழைய மாதிரியே இருந்தா பசங்க பழையபடி மனப்பாடத்துக்குத்தான் போவாங்க. யுனிவர்சிட்டி சிலபஸ் உங்க கைல இல்லீனா இன்டர்னல் மார்க்குல கை வையுங்க, ஒரு லோன் அட்டையைக் குடுத்து இந்த லோன் வாங்கலாமா வேண்டாமான்னு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்க. ஒன்னு, பசங்க ஊட்டு அட்டையைக் கொண்டாந்தா பேரையும் நம்பரையும் மறைச்சுட்டுக் கொண்டாரச் சொல்லீருங்க, ஒருத்தரு ஊட்டுக் கடன் கிளாஸ் பூராம் தெரியக்கூடாது பாருங்க. செரி, அடுத்த கேள்வி.