புதுப் பந்து யாருக்கு? சீசனுக்கு முன்னாடி வேகப்பந்து பசங்களை எடை போடுறது எப்படி

[காட்சி: காலை 6 மணி. சென்னை பெரம்பூர் பக்கம் ஒரு மைதானம். பிட்ச் மேல சுண்ணாம்புக் கோடு இழுக்கறாங்க.]

வணக்கம். கிரிக்கெட் லீக் தொடங்க இன்னும் ஆறு வாரம் இருக்கு. டீம்ல வேகமா போடுற பசங்க ஏழு பேரு. இன்னிங்ஸ் தொடக்கத்துல புதுப் பந்துல போடற இடம் ரெண்டு பேருக்குத்தான். வண்ணாரப்பேட்டையிலேர்ந்து வில்லிவாக்கம் வரைக்கும் நிறைய டீம்ல இது ஒரே சாயங்கால நெட்ல முடிவாயிடுது. எவன் ஸ்டம்பை ரெண்டு தடவை பறக்க விட்டானோ அவனுக்குப் பந்து. மூணாவது மேட்ச்லயே அந்தப் பையன் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான், இல்லனா அஞ்சாவது ஓவர்லேர்ந்து லெக் சைடுல வைடா போட்டுக்கிட்டிருப்பான். புத்துணர்ச்சியா இருக்கும்போது எல்லாருமே நல்லாத்தான் போடுவாங்க. பவுலரோட உண்மையான அளவு ரெண்டாவது ஸ்பெல்லுலதான், அதாவது ஓய்வுக்கு அப்புறம் திரும்ப வந்து தொடர்ந்து போடற ஓவர்கள்லதான் தெரியும். அதை எப்படிப் பார்க்கறதுன்னு ஒவ்வொண்ணா சொல்றோம்.

[திரையில்: ஸ்கோர் புக் பக்கம்]

முதல்ல போன சீசன் ஸ்கோர் புக். ஒரு உதாரணம் வச்சுக்குவோம். ஒருத்தன் 62 ஓவர் போட்டு 248 ரன் கொடுத்து 14 விக்கெட். சராசரி, அதாவது ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன், 17.7. இன்னொருத்தன் 60 ஓவர், 204 ரன், 9 விக்கெட். சராசரி 22.7. பார்த்ததும் முதல் ஆளுக்குத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்க. ஒவ்வொரு விக்கெட் பக்கத்துலயும் அந்த பேட்ஸ்மேன் எத்தனாவதா இறங்கினான், எப்படி அவுட் ஆனான்னு எழுதுங்க. 14-ல 7 பேரு ஒம்பது, பத்து, பதினொண்ணுல வந்தவங்க, மூணு பேரு எல்லைக் கோட்டுல தூக்கி அடிச்சு கேட்ச். மிச்சம் நாலுதான். இன்னொருத்தனோட 9-ல 7 பேரு முதல் அஞ்சு இடத்துல இறங்கினவங்க, பெரும்பாலும் கீப்பர் கேட்ச், போல்ட். புதுப் பந்து வேலையை யாரு செஞ்சாங்கன்னு இப்போ தெரியும்.

ஸ்கோர் புக்ல வராத ஒண்ணு, நழுவின கேட்ச். கீப்பரையும் ஸ்லிப்ல நின்னவங்களையும் கேளுங்க. அந்த ரெண்டாவது பையனுக்கு ரெண்டே கேட்ச் கூட பிடிச்சிருந்தா, அதே 204 ரன்னுக்கு 11 விக்கெட், சராசரி 18.5. பத்து மேட்ச் கணக்குல ரெண்டு கேட்ச் இவ்வளவு ஆட்டம் காட்டும். அதனால சராசரியை மட்டும் வச்சு யாரையும் தள்ளிடாதீங்க. வைடும் நோ பாலும் அப்படி இல்ல. அது முழுக்க முழுக்க பவுலர் கையில இருக்கற விஷயம், தனியா எண்ணி வையுங்க.

[காட்சி: பிட்ச் மேல கட்டம், அளவு நாடா]

அடுத்தது மைதானம். பேட்ஸ்மேன் பக்க ஸ்டம்புலேர்ந்து 6 மீட்டர்ல ஒரு கோடு, 8 மீட்டர்ல ஒரு கோடு. ஆஃப் ஸ்டம்புலேர்ந்து வெளிப்பக்கம் 30 சென்டிமீட்டர் அகலம். இதுதான் கட்டம். மிதமான வேகம் உள்ள பையனுக்கு 5-லேர்ந்து 7 மீட்டர். மேட்டிங் போட்ட மைதானம்னா பந்து நல்லா எகிறும், அதே லெந்த்ல, அதாவது அதே தூரத்துல குத்திப் போட்டா ஸ்டம்புக்கு மேல போயிடும். அங்கே கட்டத்தை அரை மீட்டர் பேட்ஸ்மேன் பக்கம் தள்ளுங்க.

ஏழு பேருக்கும் ஒரே வயசுள்ள பந்து கொடுக்கணும். முதல்ல போடுறவனுக்குப் புதுசு, கடைசில வர்றவனுக்குத் தேஞ்சதுன்னா அது பரீட்சையே இல்ல. பத்து ஓவர் ஆன பந்து சரியா இருக்கும். பேட்ஸ்மேன் பேட் கட்டி நிக்கணும். வெறும் ஸ்டம்புக்குப் போடும்போது எல்லாரும் கட்டத்துல போடுவாங்க, ஆள் நின்னா லெந்த் மாறும். கடைசி ரெண்டு ஓவருக்கு இடது கை ஆட்டக்காரரை நிறுத்துங்க, கட்டத்தையும் அந்தப் பக்கம் மாத்துங்க.

ஆறு ஓவர், 36 பந்து. அம்பயர் இடத்துல ஒருத்தர் நோட்டோட நின்னு ஓவர் ஓவரா கட்டத்துல விழுந்ததை எழுதணும். அப்புறம் 40 நிமிஷம் உக்கார வையுங்க. திரும்ப நாலு ஓவர். எங்க அளவுல, முதல் 36-ல 18 பந்து கட்டத்துல விழுந்தா லீக் மட்டத்துக்கு நல்ல பவுலர். ஆனா அதைவிட முக்கியம், ரெண்டாவது ஸ்பெல்லுல 24-க்கு எத்தனை. முதல் ஸ்பெல்லுல 20 போட்டு, அப்புறம் 24-க்கு 6 போடுறவனைவிட, 17-ம் 11-ம் போடுறவனை நாங்க எடுப்போம்.

பந்து எங்கே தப்புதுங்கறதையும் குறிச்சு வையுங்க. களைச்சவன் பந்து ஷார்ட்டா, அதாவது கட்டத்துக்கு முன்னாடியே விழுந்தா, முன்கால் மடங்குது, உடம்பு முன்னாடி வரலைன்னு அர்த்தம். லெக் பக்கம் போனா, தலை சாயுது, வலது கை பவுலருக்கு இடது தோள் சீக்கிரம் திறக்குது. முதலாவது உடற்பயிற்சில சரியாகும். ரெண்டாவது பழக்கம், ஆறு வாரத்துல மாறுறது கஷ்டம்.

[காட்சி: முக்காலில போன், பக்கவாட்டுல பவுலர்]

வேகம் பார்க்க ரேடார் வேணாம், போன் போதும். ஸ்லோ மோஷன்ல வினாடிக்கு 240 ஃப்ரேம் வையுங்க. பிட்ச்சோட நடுவுக்கு நேரா, பக்கவாட்டுல ஏறக்குறைய 20 மீட்டர் தள்ளி முக்காலி. ரெண்டு பக்கமும் ஸ்டம்புக்கு முன்னாடி இருக்கற க்ரீஸ் கோடு ஒரே படத்துல தெரியணும். ஸ்டம்புக்கு ஸ்டம்பு 20.12 மீட்டர், ஆனா பவுலரோட முன்கால் இறங்கற பாப்பிங் க்ரீஸ் கோட்டுலேர்ந்து பேட்டிங் க்ரீஸ் வரைக்கும் 17.68 மீட்டர்தான். பந்து கையை விட்ட ஃப்ரேம்லேர்ந்து பேட்டிங் க்ரீஸைத் தாண்டற ஃப்ரேம் வரைக்கும் எண்ணுங்க. 132 ஃப்ரேம்னா 0.55 வினாடி, மணிக்கு சுமார் 116 கிலோமீட்டர். 140 ஃப்ரேம்னா 109. இது சராசரி வேகம். டிவில காட்டறது கையை விடும்போது உள்ள வேகம், அது எப்பவுமே கூடத்தான் இருக்கும், ரெண்டையும் ஒப்பிடாதீங்க. ஒரே பவுலரோட முதல் ஓவரையும் பத்தாவது ஓவரையும் ஒப்பிடுங்க. ரெண்டு மூணு கிலோமீட்டர் குறைஞ்சா பரவாயில்ல. ஏழு எட்டு குறைஞ்சா அவன் இன்னும் தயாராகல.

வீடியோவை வாட்ஸ்அப்ல அனுப்பி வாங்கி எண்ணாதீங்க. அது சுருக்கும்போது ஃப்ரேம் காணாம போயிடும். எடுத்த போன்லயே எண்ணுங்க.

அதே வீடியோல முன்காலையும் பாருங்க. பாதத்துல ஏதாவது ஒரு பகுதி க்ரீஸுக்குப் பின்னாடி இறங்கணும். பின்கால் பக்கக் கோட்டைத் தொடக் கூடாது. களைப்புல நோ பால் வர்றவனுக்கு ரன்-அப்பை, அதாவது ஓடி வர்ற தூரத்தை, நாடா வச்சு அளந்து எழுதிக் கொடுங்க. காலடி எண்ணிக்கை ஒவ்வொரு நாளும் மாறும்.

[காட்சி: தெரு விளக்கு வெளிச்சத்துல டென்னிஸ் பால் ஆட்டம்]

இப்போ நம்ம ஏரியாவுக்கே உரிய விஷயம். வியாசர்பாடி, காசிமேடு, தண்டையார்பேட்டை பசங்க பெரும்பாலும் டென்னிஸ் பால்ல வளர்ந்தவங்க. சாதாரண டென்னிஸ் பந்து 60 கிராமுக்குள்ள. லெதர் பந்து 156-லேர்ந்து 163 கிராம். கிட்டத்தட்ட மூணு மடங்கு எடை. டென்னிஸ் பால்ல தோள் வேகத்துல மட்டும் பந்தை விரட்டலாம். லெதர் பந்துல முன்காலும் முதுகும் சேர்ந்து வேலை செய்யலைன்னா தோள் வலிதான் மிஞ்சும். லெந்தும் ஃபுல்லாவே, அதாவது பேட்ஸ்மேனுக்குப் பக்கத்துலயே விழற மாதிரி, பழகியிருக்கும். முதல் ரெண்டு வாரம் கட்டத்துல எண்ணிக்கை குறைவா இருந்தா அந்தப் பசங்களைக் கைவிடாதீங்க, நாலாவது வாரம் திரும்ப எண்ணிப் பாருங்க.

மாங்கா அடிக்கறானான்னும், அதாவது பந்தைப் போடாம எறியறானான்னும் பார்க்கணும். கை மடங்கி இருக்கறது தப்பு இல்ல. மடங்கின கை, தோள் உயரத்துலேர்ந்து பந்தை விடறதுக்குள்ள நிமிர்றதுதான் தப்பு. சர்வதேச ஆட்டத்துல 15 டிகிரி வரைக்கும் அனுமதி. போன் வீடியோல டிகிரி அளக்க முடியாது. ஆனா பவுன்சர், யார்க்கர் போடும்போது மட்டும் ஆக்‌ஷன் மாறுதுன்னா கோச்சிடம் இப்பவே காட்டுங்க. அம்பயர் முதல் மேட்ச்ல கை நீட்டினா அந்தப் பையன் மனசு உடைஞ்சிடும்.

[திரையில்: வாரக் கணக்கு அட்டவணை]

அடுத்து நாங்க ரொம்ப வலியுறுத்திச் சொல்ல விரும்பற பகுதி, பந்து எண்ணிக்கை. பேஸ்பால்ல தொடக்க பிட்ச்சர் எறியற ஒவ்வொரு பந்தையும் எண்ணுவாங்க. பெரும்பாலும் நூறு பந்துக்குப் பக்கத்துல போனதும் இறக்கிடுவாங்க, அஞ்சு பேரு மாறி மாறி வர்றதால ஒவ்வொருத்தருக்கும் நாலு நாள் ஓய்வு கிடைக்கும். நம்ம பக்கம் மேட்ச் ஓவரை மட்டும் எண்றோம். சனிக்கிழமை லீக்ல 15 ஓவர், அதாவது 90 பந்து. வாரத்துல நெட்ல 60. ஞாயித்துக்கிழமை நைட் மேட்ச்ல டென்னிஸ் பால் 24. மொத்தம் 174. போன நாலு வாரம் சராசரி 100 போட்டவன் திடீர்னு 174-க்குத் தாவினா உடம்பு தாங்காது. அதனால ஞாயித்துக்கிழமை கணக்கையும் பையன் மறைக்காம சொல்ற மாதிரி அவன்கிட்ட பேசுங்க. திட்டினா மறைப்பான். ஆறு வாரம் இருந்தா 72, 84, 96, 110, 125, 140-ன்னு ஏத்திக்கிட்டுப் போங்க.

முன்கால் தரையில அடிக்கும்போது உடம்பு எடையைப் போல பல மடங்கு விசை முதுகுக்கு ஏறுது. வலது கை பவுலருக்கு கீழ் முதுகுல இடது பக்கம் வலி, ஒத்தக் கால்ல நின்னு பின்னாடி வளையும்போது அதிகமாகுதுன்னா, அன்னைக்கே பவுலிங்கை நிறுத்துங்க. பதினெட்டு, இருபது வயசுல எலும்பு முழுசா உறுதியாகாத பசங்களுக்கு இது எலும்புல வர்ற நுண்விரிசலா இருக்கலாம். எக்ஸ்-ரேல ஆரம்பத்துல பெரும்பாலும் தெரியாது, எம்ஆர்ஐ-ல தெரியும். 1987-ல சென்னையில எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷன்கற வேகப்பந்து பயிற்சி மையம் தொடங்கினப்போ பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வந்த ஆஸ்திரேலிய வேகப்பந்து வீரர் டென்னிஸ் லில்லிக்கே 1973-ல முதுகெலும்புல இந்த விரிசல் வந்து, மாசக் கணக்குல ஓய்வும் பயிற்சியும் எடுத்து, ஆக்‌ஷனை மாத்தித்தான் திரும்ப வந்தாரு. வலி மாத்திரை கொடுத்து இன்னும் ரெண்டு ஓவர் போட வைக்காதீங்க.

[காட்சி: எடை பார்க்கும் மெஷின், தண்ணி பாட்டில்]

நம்ம ஊரு வெக்கைக்கு ஒரு எடை மெஷின் வாங்குங்க. ஸ்பெல்லுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை பாருங்க. ஒரு கிலோ குறைஞ்சா, குடிச்ச தண்ணியையும் மீறி ஒரு லிட்டர் வேர்வை போயிருக்கு. உடம்பு எடையில 2 சதவீதம், 60 கிலோ பையனுக்கு 1.2 கிலோ, அதைத் தாண்டினா வேகமும் கவனமும் சரியும். ரெண்டாவது ஸ்பெல் மோசமா இருந்தா முதல்ல இதைச் சரி பண்ணி இன்னொரு நாள் பரீட்சை வையுங்க. திறமை இல்லைன்னு அதுக்கு முன்னாடி முடிவு பண்ணாதீங்க.

கடைசியா காத்து. மதியம் கடல் காத்து கிளம்பினா காசிமேடு பக்கம் முதல்ல வரும், வில்லிவாக்கத்துக்குக் கொஞ்சம் தாமதமா வரும். காத்தை எதிர்த்து ஓடி வர ஒருத்தன் வேணும், அவனுக்கு ஸ்விங் (பந்தைக் காத்துல வளைக்கறது) இருந்தா இன்னும் நல்லது. காத்தோட ஓடி வர வேகமானவன். அதனால ஏழு பேரையும் ரெண்டு எண்டுலேர்ந்தும் போட வையுங்க. ஒரு ஸ்பெல் காலையில, ஒரு ஸ்பெல் மதியம் ரெண்டு மணிக்கு மேல. காத்தை எதிர்த்துப் போடும்போது யாரோட கட்ட எண்ணிக்கை குறையலையோ, அவன் பேரைப் புதுப் பந்துக்கு முதல்ல எழுதிக்கிட்டு, ரெண்டாவது ஆளை மறு முனைக்குத் தேடுங்க.