எந்த ஆறு பெப்பிரி?

வணக்கம். பின்னால் நிற்பவர்கள் முன்வரிசைக்கு வரலாம், இடம் இருக்கிறது.

தென் அமெரிக்க வரைபடத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அர்ஜென்டினாவின் வடகிழக்கு மூலையில், ஒரு விரல் பிரேசிலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். மிசியோனெஸ் மாகாணம் அதுதான். மேற்கே பரானா ஆறு, அக்கரை பராகுவே. வடக்கே இகுவாசு. கிழக்கே சான் அந்தோனியோ, பெப்பிரி குவாசு, உருகுவாய். இந்த ஆறுகளைத் தாண்டினால் பிரேசில். சொந்த நாட்டோடு ஒட்டியிருப்பது தென்மேற்கில் ஒரு சின்ன எல்லை மட்டும். பரப்பு ஏறத்தாழ 30,000 சதுர கிலோமீட்டர். மழைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது, வருஷம் முழுக்கப் பெய்யும். எரிமலைப் பாறை மக்கி உண்டான இரும்புச்சத்துள்ள செம்மண். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகிற ஊர் இல்லை.

இகுவாசு அருவியைப் பற்றிச் சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். அதைப் படத்தில் பார்த்துக்கொள்ளலாம். நான் ஆறுகளின் வழக்கைச் சொல்ல வந்தேன்.

முதலில் மிசியோனெஸ் என்ற பெயர். ஸ்பானிய மொழியில் 'மிஷன்கள்' என்று பொருள். 17ஆம் நூற்றாண்டில் இயேசு சபைப் பாதிரிமார்கள் அந்த மண்ணின் பழங்குடிகளான குவாரனி மக்களைச் சேர்த்து அமைத்த ஊர்களால் வந்த பெயர் இது. அப்படி முப்பது ஊர்கள் இருந்தன. இன்று மூன்று நாடுகளில் சிதறிக் கிடக்கின்றன. சாவோ பாவ்லோவிலிருந்து அடிமை பிடிக்க வந்த கூட்டத்துக்கு அஞ்சி, 1631இல் ஆயிரக்கணக்கான குவாரனிகள் ருயிஸ் தெ மோந்தோயா என்ற பாதிரியாரோடு பரானாவில் தெப்பங்கள் கட்டித் தெற்கே இறங்கினார்கள். பத்தே வருஷம்தான். 1641இல் உருகுவாய் ஆற்றங்கரையில், ம்பொரொரே என்ற இடத்தில், அதே கூட்டத்தைக் குவாரனிகள் அடித்துத் துரத்தினார்கள். பருத்த மூங்கிலைத் தோலால் சுற்றிப் பீரங்கி செய்திருந்தார்களாம்! 1767இல் ஸ்பெயின் மன்னர் அந்தப் பாதிரிமார்களை வெளியேற்றியதும் ஊர்களைக் காடு மூட ஆரம்பித்தது.

சரி, வழக்குக்கு வருவோம். 1750இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் மாட்ரிட்டில் உட்கார்ந்து எல்லை எழுதின. உருகுவாயில் வந்து சேரும் பெப்பிரி ஆற்றோடு மேலே போக வேண்டும். அது பிறக்கும் இடத்திலிருந்து, இகுவாசுவில் சேரும் பக்கத்து ஆற்றைப் பிடித்து இறங்க வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதியவர்கள் யாரும் அந்தக் காட்டை மிதித்தவர்கள் இல்லை. அளக்கப் போன குழு 1759இல் ஓர் ஆற்றைக் காட்டி "இதுதான்" என்றது. அப்புறம் வந்த ஸ்பானிய அளவைக்காரர்கள், கிழக்கே இன்னோர் ஆற்றைக் கண்டு "அதுதான் அசல்" என்றார்கள். பேரரசுகள் போய்விட்டன. வழக்கு மட்டும் அர்ஜென்டினாவுக்கும் பிரேசிலுக்கும் பாட்டன் சொத்துத் தகராறு மாதிரி வந்து சேர்ந்தது.

பாதிப் பாதி பிரித்துக்கொள்ளலாம் என்று 1890இல் கையெழுத்தே போட்டார்கள். பிரேசில் நாடாளுமன்றம் மறுத்துவிட்டது. கடைசியில் அமெரிக்க அதிபர் குரோவர் கிளீவ்லண்டிடம் பஞ்சாயத்து போனது. பிரேசிலுக்காக வாதாடிய ரியோ பிராங்கோ பழைய வரைபடங்களைத் தோண்டியெடுத்து அடுக்கினார். 1895 பிப்ரவரியில் தீர்ப்பு: 1759இல் காட்டிய ஆறே, அதாவது இன்றைய பெப்பிரி குவாசுவே எல்லை. அர்ஜென்டினா இழந்த பகுதியும் ஏறத்தாழ 30,000 சதுர கிலோமீட்டர், அதாவது இன்னொரு மிசியோனெஸ்! ஓர் ஆற்றின் பெயர் எந்த ஆற்றுக்கு என்று முடிவாக 145 வருஷம். பிரேசிலில் நன்றிக்கடனாக ஓர் ஊருக்குக் கிளெவெலாந்தியா என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. பெப்பிரி குவாசு பிறக்கும் இடத்துக்கும் சான் அந்தோனியோ பிறக்கும் இடத்துக்கும் நடுவே ஆறே இல்லை, வெறும் மேட்டு நிலம். அங்கே அர்ஜென்டினா பக்கத்து ஊருக்கு, வெளியுறவு அமைச்சராக இருந்த பெர்னார்தோ தெ இரிகோஜெனின் பெயர். எதிரே பிரேசில் பக்கத்து ஊருக்கு, எல்லை அளந்த தளபதி தியோனிசியோ செர்கேய்ராவின் பெயர். இரண்டு ஊரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. நடந்தே அடுத்த நாட்டுக்குப் போய்விடலாம்.