கோதுமையை விட்ட பிறகு எடை குறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

வணக்கம். சீலியாக் நோய் உறுதியாகிக் கோதுமையை அடியோடு விட்டவர்கள் எனக்கு அதிகமாக எழுதும் கேள்வி, "வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது, எடை மட்டும் ஏறவில்லையே" என்பதுதான். எனக்கும் இதே நோய் இருப்பதால், இன்றைய காணொளியை முழுவதும் அந்தக் கேள்விக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போகும்போது, இந்நோய் உள்ளவர்களின் நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்தச் சிறுகுடலின் உறிஞ்சிகளையே, அதாவது உணவிலிருந்து சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய அமைப்புகளையே, தாக்கித் தேய்த்துவிடுகிறது. அவை தேய்ந்த பிறகு எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. குளூட்டனை நிறுத்தினால் உறிஞ்சிகள் மீண்டும் வளரும் என்றாலும், பெரியவர்களுக்கு அது முழுமையடைய ஆண்டுக்கணக்கில்கூட ஆகலாம். ஆகவே எடை ஏறாதவர்கள் சாப்பாட்டின் அளவைக் கூட்டுவதற்கு முன்னால், குளூட்டன் வேறு வழியில் உள்ளே நுழைகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதோ, இந்தப் பெருங்காய டப்பாவைப் பாருங்கள். கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கிறது. சாம்பார், ரசம், மோர் என்று அது நாள்தோறும் நம் தட்டுக்கு வந்துவிடுகிறது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைப்பதால், பின்பக்கப் பட்டியலைப் படித்து வாங்குங்கள். மால்ட் கலந்த பானங்களில் பார்லி உண்டு, சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு. மாவு மில்லில் உங்கள் கேழ்வரகுக்கு முன்னால் யாரோ ஒருவருடைய கோதுமையை அதே இயந்திரத்தில் அரைத்திருப்பார்கள் என்பதால், நான் வீட்டு மிக்சியிலேயே அரைத்துச் சலித்துக்கொள்கிறேன். 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட இந்தியாவில் அனுமதிக்கப்படும் உச்ச அளவு, கிலோவுக்கு 20 மில்லிகிராம் மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத மாவுத் துகள்கூட ஏன் முக்கியம் என்பது அதிலிருந்தே புரியும்.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். இரவில் மூன்று சப்பாத்தி சாப்பிட்டவர் ஏறக்குறைய 100 கிராம் கோதுமையிலிருந்து 340 கலோரியும் 10 கிராமுக்குச் சற்று மேல் புரதமும் பெற்றுவந்தார். அந்த இடத்தில் இரண்டு இட்லியும் தண்ணீர்ச் சட்னியும் வைத்தால் அதில் பாதி ஆற்றல்கூடக் கிடைக்காது. எடை குறைவதற்கு இந்தப் பள்ளமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். இதைச் சோற்றை மட்டும் கூட்டி நிரப்பாமல், பருப்பாலும் எண்ணெய் வித்துகளாலும் நிரப்புங்கள். துவரை, கடலை, உளுந்து மூன்றும் சேர்த்து அரைத்த அடை, நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்த உளுந்தங்களி, கெட்டியான நிலக்கடலைச் சட்னி, எள்ளுருண்டை ஆகியவை எல்லாம் குறைந்த அளவிலேயே நிறையச் சத்துத் தருபவை. 30 கிராம் நிலக்கடலையில் சுமார் 170 கலோரியும் 7 கிராம் புரதமும் இருக்கின்றன. வயிறு சீக்கிரம் நிறைந்துவிடுபவர்கள், சாப்பிடும் அளவைக் கூட்டாமல் தட்டில் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ விட்டாலே ஏறக்குறைய 40 கலோரி சேரும்.

விலை உயர்ந்த குளூட்டன் இல்லாத பிஸ்கட்டுகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் பல, ஸ்டார்ச்சும் சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்து, புரதமும் நார்ச்சத்தும் குறைந்தவை. கேழ்வரகு, கம்பு, தினை, சாமை, வரகு எதிலும் இயல்பாகவே குளூட்டன் கிடையாது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் இருப்பதால், தொடக்க மாதங்களில் பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது மிகவும் உதவும்.

இவ்வளவு செய்தும் எடை தொடர்ந்து இறங்கினால், இரைப்பை குடல் மருத்துவரைப் பார்த்து, இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி ஆகியவற்றோடு சீலியாக் எதிர்ப்பொருள் அளவையும் மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள். இந்நோய் இருக்குமோ என்ற சந்தேகத்தில் மட்டும் இருப்பவர்கள் பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்த வேண்டாம். முன்கூட்டியே நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும்.