குனிந்து படிக்கும் பெயர்

நடுவர் அவர்களே, எதிரணிப் பெரியோர்களே, அவையோரே, வணக்கம். "சமூகத்தின் நினைவைக் காப்பது வானுயர்ந்த நினைவிடமா, காலடியில் கிடக்கும் சிறு கலைப்படைப்பா?" என்பது இன்றைய கேள்வி. நான் காலடியின் பக்கம் நின்று பேசுகிறேன்.

எனக்கு முன் பேசிய ஐயா பெர்லினைக் காட்டினார். 2005-இல் திறக்கப்பட்ட யூதப் படுகொலை நினைவிடம். பீட்டர் ஐசன்மன் வடிவமைத்தது. சுமார் 19,000 சதுர மீட்டர் பரப்பு, 2,711 கான்கிரீட் பாளங்கள். "இவ்வளவு பெரியதை எவன் மறப்பான்?" என்று கேட்டார். பாளத்தை மறக்க மாட்டான் ஐயா. ஆளை? அந்த 2,711-இல் ஒன்றில்கூட ஒரு பெயர் இல்லை. பெயர் வேண்டுமென்றால் நிலத்தடித் தகவல் கூடத்துக்கு இறங்க வேண்டும்.

இப்போது என் கல்லைப் பாருங்கள். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1992-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் தொடங்கிய 'ஸ்டோல்பர்ஸ்டைன்'. நம் மொழியில் இடறுகல். நீள அகலம் 96 மில்லிமீட்டர், உயரம் 100 மில்லிமீட்டர். உள்ளங்கையில் அடங்கும் கான்கிரீட் கட்டி. அதன் தலையில் ஒரு பித்தளைத் தகடு. "இங்கே வாழ்ந்தார்" என்று பெரும்பாலும் தொடங்கும். நாஜிகளுக்கு இரையான ஒருவரின் பெயர், பிறந்த ஆண்டு, நாடு கடத்திய ஆண்டு, கொன்ற இடம். நாஜிகளிடம் சிக்குமுன் அவர் தானாக விரும்பிக் குடியிருந்த கடைசி வீடு எதுவோ, அந்த வாசல் நடைபாதையில் ஒரு கல்லைப் பெயர்த்துவிட்டு இதைப் பதிக்கிறார்கள். சுற்றுக் கற்களோடு மட்டமாக நிற்கும்படி தட்டி, இடுக்கில் மணலைக் கூட்டி நிரப்பினால் வேலை முடிந்தது.

எழுத்துகளை இயந்திரம் பொறிப்பதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் உளியச்சு, அதன்மேல் சுத்தியல் அடி. ஓர் எழுத்து பிசகினால் அழிக்க வழியில்லை, தகடே வீண். தொழிற்சாலைபோல் நடத்தப்பட்ட கொலைக்குத் தொழிற்சாலையில் வார்த்த கல் பதிலாகாது என்பதால்தான் இந்தப் பிடிவாதம். அப்படியிருந்தும் 2023 மே மாதம் நியூரம்பெர்க்கில் 1,00,000-ஆவது கல் பதிந்தது.

"பித்தளை கறுத்துப் போகுமே?" என்றார் எதிரணித் தோழி. போகும்! பித்தளையில் இருக்கும் செம்பு காற்றும் ஈரமும் பட்டால் கறுக்கத்தான் செய்யும். கவனிப்பாரில்லாத கல்லில் பெயரே தெரியாது. நான் வாதாடுவதே அதற்காகத்தான். 1938-இல் நாஜிகள் யூதர்மேல் வெறியாட்டம் நடத்திய நவம்பர் 9, ஆஷ்விட்ஸ் வதைமுகாம் விடுவிக்கப்பட்ட ஜனவரி 27 என்ற நினைவு நாள்களில் பள்ளிப் பிள்ளைகளும் அக்கம்பக்கத்தாரும் துணியோடு வந்து மண்டியிடுகிறார்கள். கம்பி பிரஷ் ஆகாது, தகட்டில் கீறல் விழும். பாலிஷ் பக்கத்துக் கல்லில் வழிந்தால் கறை நிற்கும். நடுவில் சதுரமாக வெட்டிய அட்டையைச் சுற்றி வைத்துக்கொள்வது நல்லது. தேய்க்கத் தேய்க்க முதலில் பெயர் தெரியும், பிறகு ஆண்டு. நம் வீட்டில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிறோமே, அந்தக் கை அறியும் இந்த வேலையை. தேர் எவ்வளவு உயரமாக இருந்தால் என்ன, ஊர் வடம் பிடிக்காவிட்டால் அது கொட்டகையில்தான் நிற்கும்.

மியூனிக் நகரம் இந்தக் கல்லைப் பொது நிலத்தில் அனுமதிக்கவில்லை என்பதையும் எதிரணி சொன்னது. உண்மை. 2004-இல் எடுத்த முடிவு அது. இறந்தவர் பெயரை மீண்டும் மிதிக்கவிடுவதா என்று அங்குள்ள யூதச் சமூகத் தலைவர் ஷார்லொட்டே க்னோப்லோக் கேட்டார். அந்த வலிக்குமுன் நான் தலை வணங்குகிறேன். ஆனால் அந்நகரம் மாற்றாக எதை வைத்தது? 2018 முதல் அவரவர் வாழ்ந்த வீட்டுச் சுவரிலும் வாசலிலும் கண்மட்டத்தில் பெயர்த்தகடு! மாபெரும் மண்டபம் கட்டவில்லை. உயரம்தான் மாறியது, ஒருவருக்கு ஒரு பெயர், அவர் வாசலிலேயே என்ற வழி மாறவில்லை.

உயரம் என்றதும் ஹாம்பர்கின் ஹார்பர்க் பகுதி நினைவுக்கு வருகிறது. 1986-இல் யோஹன் கெர்ஸும் எஸ்தர் ஷலேவ்-கெர்ஸும் அங்கே 12 மீட்டர் தூண் ஒன்றை நிறுத்தினார்கள். மேலே ஈயப் பூச்சு, பக்கத்தில் எஃகு எழுதுகோல். பாசிசத்துக்கு எதிராக உங்கள் பெயரைக் கீறுங்கள் என்று மக்களை அழைத்தார்கள். கை எட்டும் உயரம் நிரம்ப நிரம்பத் தூணைத் தரைக்குள் இறக்கினார்கள். சிலர் நாஜிச் சின்னமான ஸ்வஸ்திகாவைக் கீறினார்கள். கலைஞர்கள் அதையும் அழிக்கவில்லை, ஊரின் மனம் எப்படியோ அப்படியே பதியட்டும் என்று விட்டார்கள். 1993-இல் தூண் முழுவதும் மறைந்தது. அநீதிக்கு எதிராக நமக்குப் பதில் எந்தத் தூணும் எழுந்து நிற்க முடியாது என்பதை அங்குள்ள அறிவிப்பிலேயே ஏழு மொழிகளில் எழுதிவைத்தார்கள்.

மணி அடிக்குமுன் ஒன்று மட்டும். 2012 நவம்பர் 9-ஐ ஒட்டிய இரவில் கிரைஃப்ஸ்வால்ட் நகரில் 11 இடறுகற்களை யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். விடிந்தால் நினைவு நாள்; வாசல்களில் குழி. ஊர்க்காரர்கள் பணம் திரட்டினார்கள். மறு ஆண்டு அதே 11 பெயர்களும் மீண்டும் சுத்தியலில் அடிக்கப்பட்டு, அதே வாசல்களில் பதிந்தன. தீர்ப்பை உங்களிடம் விட்டு அமர்கிறேன், நடுவர் அவர்களே.