போல்ட் எப்பத் திறக்கணும்? .303-ல இருந்து எஸ்.எல்.ஆர். வரைக்கும்

வணக்கமுங்க. என்.சி.சி.யில .22 ரைபிள் சுட்ட பசங்களுக்கு ட்ரிகர் தெரியும். அதுக்கு அக்கட்ட உள்ள நடக்குறதைப் பார்க்கலாமுங்க.

முதல்ல நம்ம பழைய போலீஸ் .303 ரைபிள். திரையில குறுக்குவெட்டுப் படம் இருக்குது பாருங்க. பேரலோட பின்வாசலைப் பூட்டுற தாழ்தான் போல்ட். அதுக்குள்ள ஓடுற இந்தக் கம்பிதான் ஸ்ட்ரைக்கர், அதைச் சுத்தி ஸ்பிரிங். போல்ட்டை முன்னால தள்ளும்போது ஸ்ட்ரைக்கரோட பின்னாடி இருக்கிற காக்கிங் பீஸ், சியர்ங்கற கொக்கியில மாட்டி நின்னுக்கும், ஸ்பிரிங் இறுகும். ட்ரிகர் இழுத்தா சியர் கீழ எறங்குது, ஸ்ட்ரைக்கர் பாஞ்சு தோட்டாவோட அடியில இருக்கிற கேப்பை அடிக்குது. கேப் பொறி விட்டதும் உள்ள மருந்து பத்திக்கும். அந்தக் காலத்து .303-ல அது கார்டைட்டுங்க, நம்ம நீலகிரி மலை மேல அருவங்காட்டுல தயாரிச்ச சரக்கு.

ட்ரிகர் இழுத்தும் வெடிக்காம 'டிக்'னு மட்டும் கேட்டா? ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், இல்லாட்டி ஸ்ட்ரைக்கர் முனை தேஞ்சிருக்கும். பழைய எண்ணெய் கெட்டியாகி போல்ட்டுக்குள்ள பிசினாட்டம் ஒட்டியிருந்தாலும் அடி பலமா விழாது. ஒடனே போல்ட்டைத் திறந்துறாதீங்க! மருந்து தாமசமாப் பத்தலாம். பேரல் டார்கெட்டைப் பார்த்தபடியே முப்பது செகண்டாச்சும் நிக்கணும்.

.303-ல போல்ட்டைத் திறக்கறது நம்ம கை. தானா லோடு ஆகுற எஸ்.எல்.ஆர். (செல்ஃப் லோடிங் ரைபிள்)ல அதை மருந்து எரிஞ்சு வர்ற கேஸ் செய்யுது, அங்கதான் சூட்சுமமே. கெணத்து மேட்டு ஆயில் எஞ்சின்ல வால்வு டைமிங் பார்க்கறோமில்லீங்களா, அதே கணக்கு. பேரல் மேல்பக்கம் இருக்கிற சின்ன ஓட்டையைக் குண்டு தாண்டினதும் கொஞ்சம் கேஸ் மேல ஏறி பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன், போல்ட்டைச் சுமந்துட்டுப் போற போல்ட் கேரியரைத் தள்ளும். ஆனா கேரியர் கொஞ்ச தூரம் சும்மாதான் போகும். போல்ட் அப்பவும் பூட்டினபடியே இருக்கும். அதுக்குள்ள குண்டு வெளிய போயி அழுத்தம் எறங்கிரும். அப்புறம்தான் கேரியர் போல்ட்டோட பின்பக்கத்தைத் தூக்கிப் பூட்டை விடுவிக்கும். காலித் தோட்டாக் கூடு வெளிய, அடுத்த ரவுண்டு பேரலோட பின்பக்க அறையான சேம்பர்ல.

முன்கூட்டியே திறந்தா? பித்தளைக் கூடு சேம்பர் சுவத்தை அழுத்திப் பிடிச்சிருக்கும்போதே, கூட்டை வெளிய இழுக்குற கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் இழுக்கும். விளிம்பு பிஞ்சுக்கும், கூடு உள்ளயே நின்னுக்கும்.

இன்னொண்ணு கேஸ் ரெகுலேட்டர். இதைத் திருகி மிச்சக் கேஸை வெளிய விடலாம். ரொம்ப விட்டுட்டா கேரியர் முழுசாப் பின்னால வராது. காலிக் கூடு வாசல்லயே சிக்கும், இல்லாட்டி அடுத்த ரவுண்டை எடுக்காது. ஓட்டையில கரி அடைச்சாலும் இதே கோளாறுதான். ரொம்ப மூடிட்டா தோள்ல உதை பலமா விழும், பாகமெல்லாம் சீக்கிரம் தேயும். அதனால ஆயுதம் ஒழுங்கா ஓடுற அளவுக்கு மட்டும் மூடி, அதுக்கு மேல இன்னும் துளி மூடி வெப்பாங்க. மழை, புழுதின்னா இன்னும் கொஞ்சம் மூடுவாங்க.