காத்திருக்கிறவன் ஏமாளி அல்ல

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மேடையில் ஒரு கண்ணும் செல்போனில் ஒரு கண்ணுமாக அமர்ந்திருக்கும் அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

'சூப்பர்ஹீரோ படங்களின் அடுத்த பாகத்துக்கான எதிர்பார்ப்பு ரசிகனுக்குத் தருவது இன்பமா, ஏமாற்றமா?' என்று தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஏமாற்றமே என்று விளாசித் தள்ளினார். அவர் ஆரம்பித்ததே நாற்காலியில்தான். 2025 மார்ச் 26 அன்று மார்வெல் நிறுவனம் 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே' படத்தில் யார் யார் நடிக்கிறார்கள் என்று நேரலையில் அறிவித்தது. முதுகில் பெயர் எழுதிய நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். மொத்தம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. "காலி நாற்காலியை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களே, இதைவிட ஏமாளித்தனம் உண்டா?" என்று கேட்டார், கைதட்டல் வாங்கினார்.

நடுவர் அவர்களே, ஒரு நாற்காலிக்காக ஐந்து மணி நேரம் காத்திருப்பதையா நம் ஊரில் கேலி செய்வது? இங்கே அதற்காக ஐந்தைந்து வருஷமாகக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். சரி, அது வேறு பட்டிமன்றம்.

அந்த நேரலையில் நடந்ததைச் சகோதரி பாதிதான் சொன்னார். ஒரு நாற்காலிக்கும் அடுத்ததற்கும் நடுவே நீண்ட இடைவெளி விட்டார்கள். திருவிழாவே அந்த இடைவெளியில்தான் நடந்தது. அடுத்த பெயர் யாருடையது என்று ஆளுக்கொரு கணக்குப் போட்டார்கள், சண்டை பிடித்தார்கள், சிரித்தார்கள். பேட்ரிக் ஸ்டூவர்ட் பெயர் வந்தது. அப்புறம் இயன் மெக்கெல்லன். 2000-இல் வந்த முதல் 'எக்ஸ்-மென்' படத்தில் பேராசிரியர் எக்ஸாகவும் மேக்னெட்டோவாகவும் நடித்தவர்கள். அன்றைக்கு அரைக்கால் சட்டையோடு அந்தப் படத்தைப் பார்த்த பையனுக்கு இன்றைக்குக் காதோரம் நரைத்திருக்கும். அவெஞ்சர்ஸ் வரிசையில் அந்த இரண்டு பெயரையும் பார்த்தபோது அவனுக்கு அது நாற்காலியாகவா தெரிந்திருக்கும்?

என் கட்சி இதுதான். படம் கம்பெனிக்குச் சொந்தம். காத்திருக்கும் காலம் ரசிகனுக்குச் சொந்தம். அதில் அவன் செய்கிற வேலைதான் திரையில் வருகிற சின்ன விஷயத்தைக்கூடப் பெரிதாக்குகிறது.

2018 ஏப்ரலில் அவெஞ்சர்ஸ் வரிசையில் 'இன்ஃபினிட்டி வார்' வந்தது. வில்லன் தானோஸ் விரலைச் சொடுக்குகிறான், பிரபஞ்சத்து உயிர்களில் பாதி சாம்பலாகிப் போகிறது. ஹீரோக்கள் தோற்கிறார்கள், வில்லன் நிம்மதியாக உட்கார்ந்து சூரியனைப் பார்க்கிறான், படம் முடிந்துவிட்டது. மிச்சக் கதைக்கு ஒரு வருஷம். ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ரெடிட் தளத்தில் 'தானோஸ் செய்ததில் தப்பில்லை' என்று வேடிக்கையாக ஒரு குழு நடத்திக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர், "தானோஸ் மாதிரி நம்மிலும் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் நீக்கிவிட்டால் என்ன?" என்று கேட்டார். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். 2018 ஜூலையில் நிஜமாகவே மூன்று லட்சம் பேருக்கு மேல் நீக்கப்பட்டார்கள். நீக்கப்படுகிற பாக்கியம் கிடைக்காதா என்று கடைசி நாளில் புதிதாக வந்து சேர்ந்தவர்களும் உண்டு. தானோஸாக நடித்த ஜோஷ் பிரோலின்கூட அந்தக் கூத்தில் சேர்ந்துகொண்டு விரலைச் சொடுக்கினார். நீக்கப்பட்டவர்கள் அழவில்லை, தனிக் குழு தொடங்கி அங்கே கொண்டாடினார்கள். எந்த விளம்பரக் கம்பெனி போட்ட திட்டம் இது? கேட்க ஆளில்லாமல், காசு வாங்காமல், காத்திருந்தவர்கள் தங்களுக்குத் தாங்களே நடத்திக்கொண்ட கூத்து. இதற்குப் பெயர் ஏமாற்றமா?

இப்போது ஒரு சுத்தியலைப் பற்றிப் பேசுகிறேன், நடுவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். 2015-இல் வந்த 'ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' படத்தில் ஒரு விருந்துக் காட்சி. ஹீரோக்களில் ஒருவனான தோர் தன் சுத்தியலை மேசையில் வைத்துவிட்டு, முடிந்தால் தூக்கிப் பாருங்கள் என்கிறான். தகுதி உள்ளவன் மட்டுமே தூக்க முடியும் என்பது கணக்கு. ஒவ்வொருவராக முக்கி முனகிப் பார்க்கிறார்கள், அசையவில்லை. கேப்டன் அமெரிக்கா கை வைக்கும்போது மட்டும் சுத்தியல் ஒரு நூல் அளவு அசைகிறது. தோரின் சிரிப்பு சட்டென்று வாடி, அடுத்த நொடி திரும்பி வருகிறது. அவ்வளவுதான் காட்சி. கண் சிமிட்டினால் போச்சு.

அந்த ஒரு நூல் அசைவை நான்கு வருஷம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள் ரசிகர்கள். அவனால் தூக்க முடியும், நண்பன் மனசு நோகக்கூடாது என்று தூக்காமல் விட்டான் என்றது ஒரு கட்சி. இல்லை, அப்போது அவனுக்கு முழுத் தகுதி வரவில்லை என்றது இன்னொரு கட்சி. 2019 ஏப்ரலில் 'இன்ஃபினிட்டி வார்' மிச்சம் வைத்த கதையாக 'எண்ட்கேம்' வந்தது. தோர் கீழே கிடக்கிறான், தானோஸ் அவன் நெஞ்சில் ஆயுதத்தை இறக்கப் போகிறான். பின்னால் கிடந்த சுத்தியல் மெல்ல எழுகிறது, பறந்து வந்து தானோஸை அடித்துவிட்டு ஒரு கைக்குப் போய்ச் சேருகிறது. கேப்டனின் கை. "எனக்குத் தெரியும்!" என்று கத்துகிறான் தோர். அந்த நொடியில் திரையரங்குகளில் எழுந்த கூச்சலைப் பலர் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். தோர் கத்தியது காதில் விழாது. அவன் சொல்ல வேண்டிய வசனத்தை அவனுக்கு முன்னால் ஆயிரம் பேர் கத்திவிட்டார்கள். பின்னே, நான்கு வருஷமாக அவர்களுக்குத்தானே தெரியும்!

முந்தைய படம் எதையும் பார்க்காத ஒருவரை இந்தக் காட்சிக்கு முன் உட்கார வையுங்கள். ஓர் ஆள் ஒரு சுத்தியலைப் பிடிக்கிறான், அவ்வளவுதான் அவருக்கு. அதே திரை, அதே சத்தம், அதே டிக்கெட் விலை. அந்தக் கூச்சலைப் போட வைத்தது காத்திருந்த நான்கு வருஷம், நடுவர் அவர்களே.

சகோதரி வைத்த வாதங்களில் கனமானது 'ஜோக்கர்' படம்தான். அதை ஒப்புக்கொள்கிறேன். 2019-இல் வந்த முதல் பாகம் 100 கோடி டாலரைத் தாண்டி வசூலித்தது. 2024 அக்டோபரில் இரண்டாம் பாகம் வந்தபோது சிறையும் நீதிமன்றமும் பாட்டுமாகப் போனது, வசூல் 20 கோடி டாலர் அளவில் நின்றுவிட்டது. "ஐந்து வருஷ எதிர்பார்ப்பு என்ன ஆயிற்று?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் சோறு வேகவில்லை என்றால் சமைத்தவரைக் கேட்க வேண்டும், பசித்து வந்தவனையா குற்றம் சொல்வது?

இன்னொன்றையும் பாருங்கள். எதிர்பார்ப்பு என்பது கம்பெனி ஊதி விடுகிற பலூன் என்கிறது எதிரணி. அப்படியானால் ஊதுகிற ஒவ்வொரு முறையும் அது பறக்க வேண்டுமே? 'இன்ஃபினிட்டி வார்' படத்தின் கடைசித் துணுக்கில், சாம்பலாகிப் போகும் முன், அவெஞ்சர்ஸை ஒன்று சேர்த்த நிக் ஃப்யூரி ஒரு பழைய பேஜரை எடுத்து யாருக்கோ தகவல் அனுப்புகிறார். கீழே விழுந்த பேஜரில் ஒரு சின்னம் ஒளிர்கிறது. அது யார் சின்னம் என்ற கேள்வியோடு வீட்டுக்குப் போனவர்கள், 2019 மார்ச்சில் 'கேப்டன் மார்வெல்' வந்தபோது அதை 110 கோடி டாலருக்கு மேல் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 2023 நவம்பரில் அதே கதாநாயகியை வைத்து 'தி மார்வெல்ஸ்' வந்தது. மார்வெல் பட வரிசையிலேயே மிகக் குறைந்த வசூல். நடிகர்கள் வேலைநிறுத்தத்தால் விளம்பரம் குறைந்தது என்று ஒரு சமாதானம் உண்டு, அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனாலும் அதே கம்பெனி, அதே முத்திரை. ரசிகன் காத்திருக்கவில்லை, அதனால் வரவில்லை. எதற்குக் காத்திருப்பது என்று முடிவு செய்பவன் அவன். ஏமாளிக்கு இந்தத் தேர்வு வராது.

தேதி தள்ளிப்போவதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் சகோதரி. ஆமாம், தள்ளிப்போகிறது. 2022-இல் வந்த 'தி பேட்மேன்' படத்தின் இரண்டாம் பாகம் 2025 அக்டோபர் என்றார்கள், 2026 என்றார்கள், 2027-க்குக் கொண்டுபோனார்கள். 'ஸ்பைடர்-வெர்ஸ்' இரண்டாம் பாகத்தை 2023-இல் அந்தரத்தில் நிறுத்திவிட்டு, மிச்சத்தை 2024 மார்ச்சில் தருவதாகச் சொன்னவர்கள், அதையும் 2027-க்குத் தள்ளினார்கள். 'டூம்ஸ்டே' 2026 மே மாதத்திலிருந்து டிசம்பர் 18-க்கு நகர்ந்தது.

இதெல்லாம் நமக்குப் புதிதா? காத்திருப்பதற்கென்று ஒரு திணையையே ஒதுக்கி வைத்த மொழி நம்முடையது. முல்லை என்றாலே இருத்தல். கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை, மழை பெய்துவிட்டது, கொன்றை பூத்துவிட்டது. தலைவி வாடி நிற்கிறாள். தோழி என்ன சொல்கிறாள்? "இது கார்காலமே இல்லையடி, ஏதோ பெய்த மழையைப் பார்த்து இந்த மடக் கொன்றை ஏமாந்து பூத்துவிட்டது" என்கிறாள். தேதி தள்ளிப்போன மறுநாள் ரசிகர்கள் பேசுவதைக் கேளுங்கள். "மே மாசம் அறிவிச்சதே அவசரம்தான் மச்சி, கிராஃபிக்ஸ் வேலைக்கு நேரம் வேண்டாமா?" என்பான் ஒருவன். அதே தோழிதான், டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

"முன்கூட்டியே துருவித் துருவித் தெரிந்துகொண்டால் படத்தில் என்ன மிஞ்சும்?" என்றும் கேட்டார். 2021-இல் 'ஸ்பைடர்-மேன்: நோ வே ஹோம்' வரும் முன், பழைய ஸ்பைடர்மேன்களான டோபி மகுவயரும் ஆண்ட்ரூ கார்ஃபீல்டும் அதில் இருக்கிறார்கள் என்று உலகமே பேசியது. கார்ஃபீல்ட் பேட்டிக்குப் பேட்டி இல்லவே இல்லை என்று சத்தியம் செய்யாத குறை. நவம்பரில் டிரெய்லர் வந்தது. என் அக்கா மகன் பிரேசிலில் வெளியான டிரெய்லரைத் தேடிப் பிடித்து, கால்வாசி வேகத்தில் ஓடவிட்டு என்னைக் கூப்பிட்டான். "மாமா, இந்தப் பல்லி மனுஷன் தலையைப் பாருங்க, யாரோ குத்தின மாதிரி திரும்புது. ஆனா குத்தினவனைக் காணோம்." நிஜம்தான். ஆளை அழித்தவர்கள் அடியை அழிக்க மறந்துவிட்டார்கள்.

ஆக, ரகசியம் போச்சு. டிசம்பரில் என்ன நடந்தது? முகமூடியைக் கழற்றிக் கார்ஃபீல்ட் முகம் தெரிந்ததும் அரங்கம் இரண்டுபட்டது. அடுத்து, அவர் வந்து நிற்கும் வீட்டுப் பாட்டி அவரிடம் மூலையில் இருக்கும் ஒட்டடையை எடுக்கச் சொல்கிறார், அதுவும் கைதட்டலில் பாதி கேட்கவில்லை. தெரிந்தே காத்திருந்தவர்கள்தான் அப்படிக் கத்தினார்கள். நாளைக்கு வருவார் என்று தெரிந்த மாப்பிள்ளைக்கு வாசலில் ஆரத்தி எடுப்பதில்லையா நாம்?

தமிழ் டப்பிங் பார்க்கிறவர்களையும் விட்டுவிடக்கூடாது. 'எண்ட்கேம்' படத்துக்கு ஏ.ஆர்.முருகதாஸ் தமிழ் வசனம் எழுதினார், டோனி ஸ்டார்க் என்கிற அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். பெரிய பெயர்கள். ஆனால் டிரெய்லர் வந்ததும் ரசிகர்கள் கொதித்தார்கள். "எங்கள் டோனிக்கு இந்தக் குரல் இல்லை, பழைய குரலைக் கொடுங்கள்" என்றார்கள். விஜய் சேதுபதியைப் பிடிக்காமல் இல்லை. வருஷக்கணக்காகப் பழகிய, பெரும்பாலோருக்குப் பேர்கூடத் தெரியாத ஒரு டப்பிங் கலைஞரின் குரலுக்காக ஒரு நட்சத்திரத்தோடு மல்லுக்கு நின்றார்கள். இதையும் சகோதரி ஏமாற்றக் கணக்கில் எழுதுவார். நான் உரிமைக் கணக்கில் எழுதுகிறேன்.

மணி அடிக்க நடுவர் கை நீட்டுவது தெரிகிறது. அடுத்துப் பேச வருகிற எதிரணித் தலைவருக்கு ஒரே ஒரு கேள்வியை வைத்துவிட்டு உட்காருகிறேன். ஐயா, டிசம்பர் 18 முதல் காட்சிக்கு டிக்கெட் திறந்ததும் உங்களுக்கும் சேர்த்து எடுக்கச் சொல்லி எங்கள் அணித் தம்பியிடம் டீ குடிக்கும்போது சொன்னீர்களே, எத்தனை டிக்கெட் என்று அவன் கேட்கிறான். மைக்கிலேயே சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.